ஆள் கேட்டு எழுதிய மகனுக்கு

கண்ணா, உன் மெயிலைப் பம்மல் மெயின் ரோட்டு பிரவுசிங் சென்டரில் உட்காரும் பெண்தான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். எடுக்கும்போதே படித்துவிட்டாள் போல. "ஆன்ட்டி, உங்க பையன் மஸ்கட்ல ஹோட்டல் வெக்கறாரா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையை நிமிர்த்திச் சொன்னேன். வீட்டுக்கு வந்து கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு முழுதாகப் படிக்கிற வரைக்கும்தான் அந்தப் பெருமை நின்றது. படித்து முடித்ததும் காகிதத்தை நான்காக மடித்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். அப்பா கேட்டதற்கு, "ஆள் வேணுமாம், சாவகாசமாச் சொல்றேன்" என்றேன். நான்கு நாள் அது அங்கேயே கிடந்தது. ஐந்தாம் நாள் நீ போன் பண்ணி, "இன்னாமா, ஆள் ரெடியா?" என்று சிரித்தாய். போனில் சொல்லத் துணிவு வரவில்லை. அதனால்தான் எழுதிக் கூரியரில் போடுகிறேன். கோபம் வந்தாலும் கிழிக்காமல் கடைசி வரைக்கும் படி.

நீ எழுதியதையே உனக்கு ஒரு தடவை திருப்பிச் சொல்கிறேன். பரோட்டா மாஸ்டர் ஒருத்தர், டிபன் போட ஒருத்தர், இரண்டு பேர் போதும். அனகாபுத்தூர் ஏழுமலையையும் அவன் மச்சானையும் கேள். விசிட் விசாவில் வந்து இறங்கிவிடட்டும், அது செலவு கம்மி. ஏஜென்ட் பணமும் டிக்கெட்டும் அவர்களே போட்டுக்கொள்ளட்டும். வந்ததும் பாஸ்போர்ட்டை நான் வாங்கி வைத்துக்கொள்கிறேன். இரண்டு வருஷத்துக்கு ஊர்ப் பேச்சே இருக்கக் கூடாது. இதெல்லாம் கூடப் பரவாயில்லை, தொழில் பண்ணுகிறவன் நாலும் யோசிப்பான் என்று விட்டிருப்பேன். அதற்குக் கீழே ஒரு வரி எழுதியிருக்கிறாயே, "ராஜு மாதிரி சீசன்ல விட்டுட்டு ஓடிட்டா என்ன பண்றது?" என்று, அதுதான் என்னை உட்கார வைத்துவிட்டது. ராஜு ஓடிப்போனான் என்று உனக்குச் சொன்னது யாருடா? நான். அவன் ஓடவில்லை. ஏழு வருஷமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்திருக்கிறேன். நீ அந்தப் பொய்யை எடுத்துக்கொண்டு போய் அதன்மேல் ஒரு கடையையே கட்டப் பார்க்கிறாய்.

முதலில் இருந்து சொல்கிறேன். அப்பா வேலை பார்த்த தோல் கம்பெனியை மூடினபோது வந்த பணத்தில்தான் கடையை ஆரம்பித்தோம், உனக்கே தெரியும். அப்போது பல்லாவரத்திலிருந்து தாம்பரம் வரைக்கும் எங்கே பார்த்தாலும் ஃபாஸ்ட் ஃபுட் கடை முளைத்துக்கொண்டிருந்தது. சிவப்பு மிளகாய்ச் சாஸும் பெரிய அடுப்பும் இருந்தால் கடை என்று ஆகிவிட்டது. அடுப்பு வாங்கலாம், அதன் முன்னால் நிற்கிற ஆள்தான் கிடைக்கவில்லை. நம்ம ஊர் மாஸ்டர்கள் பண்ணின பேஜார் இருக்கிறதே, அப்பப்பா! ஒருத்தர் காலையில் வருவார், மத்தியானம் பக்கத்துக் கடைக்காரன் கூடுதலாகத் தருகிறான் என்று கிளம்பிவிடுவார். இன்னொருத்தருக்கு ஆட்டோ அனுப்பினால்தான் எழுந்து வருவார். அப்போதுதான் குரோம்பேட்டையில் கடை வைத்திருந்தவர் ஒருத்தர் அப்பாவிடம் சொன்னார், "சார், நேபாள் ஆளைப் போடுங்க. விசா கிடையாது, ஏஜென்ட் கிடையாது. ஒருத்தன் வந்தா அவனே அடுத்தவனைக் கூட்டிக்கிட்டு வருவான்." வெளிநாட்டு ஆளை வேலைக்கு வைப்பது இவ்வளவு சுலபமா என்று எங்களுக்கு ஆச்சரியம். தங்க மேலே ஒரு அறை, மூன்று வேளைச் சாப்பாடு, நம்ம ஊர் மாஸ்டருக்குக் கொடுத்ததில் பாதிச் சம்பளம். அந்த அறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சித்திரை வைகாசியில் அதில் பூனைகூடப் படுக்காது. நான் அதைப் பெரிய தர்மம் பண்ணுகிற மாதிரி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

முதலில் வந்தவன் பெயர் நிஜமாகவே ராஜுதான். அவன் கை நூடுல்ஸுக்கு ஒரு கூட்டம் சேர்ந்தது. ஒன்றரை வருஷத்தில் அவன் ஊருக்குப் போகும்போது, சொன்ன மாதிரியே தன் பக்கத்து ஊர்க்காரனைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போனான். அவன்தான் உனக்குத் தெரிந்த ராஜு. வந்த அன்றைக்கே வாடிக்கைக்காரர் ஒருத்தர், "ராஜு, காரம் ஜாஸ்தி போடுப்பா" என்று கத்தினார், இவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அவ்வளவுதான், பெயர் வைத்தாகிவிட்டது. நம்ம பக்கத்தில் எல்லாக் கடையிலும் அதுதானே வழக்கம்? ஆள் மாறினால் வாடிக்கை போய்விடும் என்று பழைய ஆளின் பெயரையே புது ஆளுக்கும் வைத்துக் கூப்பிடுவது. அடுப்புக்குத்தான் பெயர், ஆளுக்கு இல்லை. அவன் பெயர் கேசவ் பிரசாத். வாயில் நுழையாத பெயராக இருந்தாலாவது ஒரு சாக்குச் சொல்லலாம். நம்ம பெருமாள் பெயர்டா அது! உன் பெரியப்பாவுக்கே கேசவன் என்றுதானே பெயர்.

எனக்கு அந்தப் பெயர் தெரியாது என்றும் சொல்ல முடியாது. கட்டிடத்து ஓனர் ஒரு தடவை, வெளியூர் ஆள் தங்கினால் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு பாரத்தைக் கொடுத்தார். கல்லாவில் உட்கார்ந்து என் கையாலேயே எழுதினேன். அவன் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொன்னான். பெயர், ஊர், அப்பா இல்லை, அம்மா பெயர். அம்மா மட்டும்தான் இருக்கிறாள், மூச்சு வாங்குகிற உடம்பு என்று அவனாகவே சொன்னான். பாரத்தில் அதற்கு இடம் இல்லை என்று நான் அதட்டினேன். ஆறு மாதத்தில் அவன் பேசின தமிழைக் கேட்டிருக்கிறாயே, காய்கறி வண்டிக்காரர்களிடமும் கேஸ் போடுகிறவனிடமும் கற்றுக்கொண்ட அசல் மெட்ராஸ் பாஷை. "இன்னாக்கா, இன்னிக்கு கூட்டமே இல்ல, பேஜாரா கீது" என்பான், கடையே சிரிக்கும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு நாள் பழைய ஸ்வெட்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். சென்னையில் மே மாதம் ஸ்வெட்டர் வாங்கின ஒரே ஆள் நீதான்டா என்று கேலி பண்ணினேன். "அம்மாவுக்குக்கா. அங்க குளுரு பேயாட்டம் இருக்கும்" என்றான். நீயும் அப்போது பக்கத்தில் இருந்தாய், பாலிடெக்னிக் லீவில்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஐந்தரை மணி இருக்கும். பொழிச்சலூரில் ஒரு பிறந்தநாள் விழாவுக்கு அறுபது ஃப்ரைட் ரைஸ், முப்பது கோபி மஞ்சூரியன் ஆர்டர். ஏழு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். அப்பா பார்சல் கட்டிக்கொண்டிருந்தார். ராஜு அடுப்பில். முன்னால் வேறு ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். கல்லாப் பக்கத்தில் இருந்த போன் அடித்தது. எடுத்தால் ஒரே இரைச்சல், தூரத்திலிருந்து ஒரு ஆண் குரல், ஹிந்தியில். "கேசவ் பிரசாத், கேசவ் பிரசாத்" என்று கத்துகிறது. பள்ளிக்கூடத்தில் இரண்டு ஹிந்திப் பரீட்சை பாஸ் பண்ணினவள் நான், அதில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியாமல் போகவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவன் முதுகு தெரிந்தது, கடாயைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தான். "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டேன்.

அந்த நேரத்தில் மனதில் என்ன ஓடியது என்று உனக்கு ஒளிக்காமல் சொல்கிறேன். ஊரிலிருந்து யாரும் சும்மா போன் பண்ண மாட்டார்கள், ஏதோ கெட்ட செய்தி. கேட்டால் இவன் கரண்டியைக் கீழே போட்டுவிடுவான். அறுபது பேர் பட்டினி, நம்ம பெயர் நாறிவிடும். ஆர்டர் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். இப்படித்தான் நினைத்தேன். பத்து நிமிஷத்தில் மறுபடியும் அடித்தது. அதே குரல். இந்தத் தடவை அழுத்தம் திருத்தமாக, "மா பீமார் ஹை, பஹுத் பீமார்." அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ரொம்ப முடியவில்லை. அதற்கப்புறமாவது கூப்பிட்டிருக்கலாம் அல்லவா? நாலு எட்டு தூரத்தில் நின்றான்டா. நான் எனக்குத் தெரிந்த ஹிந்தியில், "இங்கே அப்படி யாரும் இல்லை" என்று திருத்தமாகச் சொன்னேன். சொல்லிவிட்டு ரிசீவரைத் தாங்கியில் வைக்காமல் பக்கத்தில் படுக்கப் போட்டுவிட்டேன், மறுபடி அடிக்காமல் இருக்க. "யாருக்கா போன்ல?" என்று அவனே கேட்டான். "யாரோ ஹிந்திக்காரன், ராங் நம்பர்" என்றேன். "ஹிந்தியா? என்னாண்ட குடுத்திருந்தா நான் பேசி வெச்சிருப்பேனே" என்று சிரித்துவிட்டு அடுத்த கடாயை ஏற்றினான்.

ஆர்டர் முடிந்ததும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாள் சொல்லியிருக்கலாம். மறுநாள் இரண்டு ஆர்டர். அதற்குள் இன்னொரு பயம் வந்துவிட்டது: இப்போது சொன்னால், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பானே? பொய்யில் அதுதான் கஷ்டம், முதல் நாள் சின்னதாக இருக்கும், அப்புறம் அதைக் காப்பாற்றவே ஆள் போட வேண்டும். செவ்வாய்க்கிழமை மனது கேட்காமல், "ஊர்ல எல்லாம் சௌக்கியமா?" என்று ஒரு வார்த்தை கேட்டேன். "சோக்கா கீறாங்கக்கா" என்றான். தெரியாமல்தான் சொன்னான், பாவம். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. குன்றத்தூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டேன், அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று. செய்ய வேண்டியதை நான் செய்யாமல் முருகனை வேலைக்கு அனுப்பினேன்.

அடுத்த வாரப் புதன்கிழமை மத்தியானம், தாம்பரத்தில் வேறு ஒரு கடையில் வேலை பார்த்த அவன் ஊர்க்காரன் ஒருத்தன் சைக்கிளில் வந்தான். இருவரும் வெளியே நின்று அவர்கள் பாஷையில் பேசினார்கள். பேசிக்கொண்டே இருந்த நம்ம ராஜு அப்படியே வாசலில் குந்திவிட்டான். நான் ஓடினேன். ஓடும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மா வெள்ளிக்கிழமை போய்விட்டாளாம். கொள்ளி வைத்தது சித்தப்பாவாம். அவன் எழுந்து நின்று என்னைப் பார்த்துக் கேட்டான், "அக்கா, கடைக்குப் போன் வந்துச்சா? ரெண்டு வாட்டி பண்ணாங்களாம். இங்க அந்த மாதிரி யாரும் இல்லன்னு சொன்னாங்களாம்." அப்போதாவது காலில் விழுந்திருக்க வேண்டாமா? நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எனக்கு எப்படிப்பா தெரியும்? கேசவ்னு கேட்டா நான் யாருன்னு நினைப்பேன்? நீ ராஜுதானே. ஊர்ல சரியாச் சொல்லி வெச்சிருக்கணும் இல்ல?" என்றேன். நாங்கள் வைத்த பெயரை எடுத்து அவன் மேலேயே எறிந்தேன். தாயை இழந்து நிற்கிறவனிடம், தப்பு உன்னுடையது என்றேன்.

அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பாரத்தை நான் எழுதினபோது பக்கத்தில் நின்றவன் அல்லவா. அவனுக்குத் தெரிந்துவிட்டது, அது எனக்கும் தெரிந்துவிட்டது. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தி ஆறியிருப்பேன். "செரிக்கா" என்றான், அவ்வளவுதான். உள்ளே போய், ஏற்றி வைத்திருந்த அரிசியை வடித்து இறக்கி, அடுப்பை அணைத்து, மேலே ஏறிப் போனான். மறுநாள் காலை, நேபாளத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கோரக்பூர் போகும் ரயிலுக்குப் போய்விட்டான். அப்பாதான் சென்ட்ரல் வரைக்கும் போய் ஏற்றிவிட்டு வந்தார். நான் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை, தலைவலி என்று படுத்துக்கொண்டேன். நாள் கணக்குப் போடாதே என்று எத்தனை தரம் என்னை நானே திட்டிக்கொண்டாலும் மனது போட்டுக்கொண்டேதான் இருக்கிறது. ஞாயிறு சாயங்காலம் சொல்லியிருந்தால் திங்கள் ரயில், வியாழன் ராத்திரிக்குள் வீடு. வெள்ளிக்கிழமை அவள் கண் மூடும்போது பக்கத்தில் இருந்திருப்பான்.

அந்த வாரக் கடைசியில் நீ பரீட்சை முடிந்து வந்து, "ராஜு எங்கம்மா?" என்றாய். "நன்றி கெட்டவன், சீசன்ல விட்டுட்டு ஓடிட்டான்" என்றேன். அப்பாவிடம் சொன்னதும் பாதிதான், அம்மா செத்துப்போனாள், போன் வந்தது நமக்குத் தெரியாது என்று. அவர் தங்கமான மனுஷன், நம்பிவிட்டார். நீயும் நம்பினாய். நீ நம்பினதோடு நிற்கவில்லை. "இவனுங்க பேப்பரைப் புடிச்சு வெச்சிருக்கணும்மா, அப்ப எங்க போவான்?" என்றாய். இருபது வயசில் நீ அப்படிச் சொன்னபோது எனக்குப் பக்கென்றது. ஆனால் வாயை மூடிக்கொண்டேன். மறுத்தால் உண்மை வெளியே வரும். என் மானத்தைக் காப்பாற்ற, உன்னை அப்படியே வளர விட்டுவிட்டேன். இப்போது மஸ்கட்டிலிருந்து அதே வார்த்தையை டைப் அடித்து அனுப்பியிருக்கிறாய். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. என்னைப் பார்த்தால்தான் வெட்கமாக இருக்கிறது, காலையில் பொட்டு வைத்துக்கொள்ளக்கூடக் கண்ணாடி பக்கம் போகப் பிடிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டீ குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நான்தானே அவனை ரயில் ஏத்திவிட்டேன். வழி பூரா, 'பேரை ஒழுங்காச் சொல்லி வெச்சிருக்கலாமேடா'ன்னு நானும் அவன்கிட்டச் சொல்லிக்கிட்டே போனேன்" என்றார். அவன் அதையும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்தானாம். மறுநாள் காலையில் வந்து, "பையனுக்கு எழுது" என்று மட்டும் சொன்னார். கேசவைத் தேடலாம் என்று அவன் ஊர்க்காரன் வேலை பார்த்த தாம்பரம் கடைக்கு இரண்டு தடவை போய் வந்தார். அங்கே இப்போது செல்போன் கடை இருக்கிறது. ஊர்ப் பெயர் அந்தப் பாரத்தில்தான் இருந்தது, பாரம் எங்கே போனதோ. அவனிடம் மன்னிப்புக் கேட்கிற யோக்கியதை எனக்கு உண்டா என்று தெரியவில்லை. கேட்க ஆளும் இல்லை.

இப்போது உன் விஷயம். சின்னக் கடைக்குச் செலவு முக்கியம்தான், நான் மறுக்கவில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும். ஆனால் எதில் மிச்சம் பிடிப்பது என்று ஒன்று இருக்கிறது. நான் எதனால் அந்தப் போனை மறைத்தேன் என்று ஏழு வருஷமாக யோசித்ததில் எனக்குத் தெரிந்தது இதுதான்: கடை முழுவதும் ஒரே ஆளின் கையில் நின்றது. அப்பாவுக்கும் கடாய் பிடிக்கத் தெரியாது, எனக்கும் தெரியாது, கற்றுக்கொள்ளவும் இல்லை. மலிவாக ஒருத்தன் கிடைத்தான் என்று மிதப்பு. அவன் நகர்ந்தால் கடை விழுந்துவிடும் என்கிற நிலைமையில் வைத்திருந்தால், முதலாளிக்குப் புத்தி இப்படித்தான் போகும். அதனால் முதலில் நீ பரோட்டா போடக் கற்றுக்கொள். சிரிக்காதே. உன் பெண்டாட்டியும் தோசைக் கல் முன்னால் நிற்கட்டும். முதலாளி ஒரு வாரம் சமாளிக்கத் தெரிந்தவனாக இருந்தால், வேலைக்காரன் ஒரு வாரம் மனுஷனாக இருக்கலாம். இதற்குக் காசு செலவே கிடையாது.

விசிட் விசா கதையெல்லாம் வேண்டவே வேண்டாம். ஏழுமலை எட்டாவதுதான் படித்தவன், பத்தாவது முடிக்காதவன் எமிகிரேஷன் ஆபீஸில் சம்மதம் வாங்கித்தான் வேலைக்குப் போக முடியும். அலைச்சல்தான், நாள் ஆகும்தான். அப்பா போய் வரிசையில் நின்றுகொள்கிறேன் என்கிறார், ரிட்டையர் ஆன மனுஷனுக்கு வேறு என்ன வேலை? ஏஜென்ட் எதற்கு? ஆளை எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், நடுவில் ஒருத்தன் எதற்குத் தின்ன வேண்டும்? அந்தக் காசு மிச்சம். டிக்கெட்டை நீ போடு. வட்டிக்கு வாங்கி வந்து இறங்குகிறவன் உன் கடையைப் பார்ப்பானா, கடனைப் பார்ப்பானா? இரண்டு பேரைச் சேர்த்து இழுக்காதே. முதலில் ஏழுமலை மட்டும் வரட்டும். நன்றாக வைத்துக்கொண்டால் அவனே அடுத்த ஆளைக் கொண்டுவருவான், அந்தக் குரோம்பேட்டைக்காரர் சொன்னதில் அது மட்டும் சத்தியம். என்ன வேலை, எத்தனை மணி நேரம், எங்கே படுக்கை, எல்லாவற்றையும் தமிழில் எழுதி அவன் கையில் கொடு. நீ படுக்காத அறையில் அவனைப் படுக்க வைக்காதே. பாஸ்போர்ட்டைத் தொடாதே. ஆளைப் பிடித்து வைக்க அந்தப் புத்தகம்தான் வேண்டும் என்றால், கடையில் வேறு ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

இதையெல்லாம் உனக்கு எழுதி அனுப்பிவிட்டு, இங்கே ஏழுமலையிடம் "என் பையன் தங்கம்" என்று சொல்லி அனுப்ப எனக்கு மனது வரவில்லை. நேற்று காலை அவனையும் அவன் பெண்டாட்டி தேவியையும் வீட்டுக்கு வரச் சொன்னேன். உன் மெயிலையும், இதுவரைக்கும் எழுதின இந்தக் கடிதத்தையும் அவர்களுக்குப் படித்துக் காட்டினேன். கேசவ் கதை வந்ததும் அப்பா வாங்கிப் படித்தார். ஏழுமலை தலையைக் குனிந்தபடி இருந்தான். அவன் அம்மாவுக்குப் பக்கவாதம், ஒரு கை வராது, உனக்கு ஞாபகம் இருக்கும். தேவிதான் பேசினாள். "இன்னாம்மா நீ, இத்த எல்லாம் எங்களாண்ட சொல்லாம வுட்டிருந்தா இந்நேரம் இவரு பெட்டி கட்டிகினு இருந்திருப்பாரே." "அதுக்குத்தான்டி சொன்னேன்" என்றேன். ஏழுமலை மெதுவாக, "போவணும்மா. இங்க வர்றது வாய்க்கும் வவுத்துக்கும் பத்தல. உங்க புள்ள சின்னதுல இருந்து பழக்கம்தான். அம்மாவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அன்னிக்கே அனுப்பிடுவாரா, அது மட்டும் தெரியணும்" என்றான். அனுப்புவான் என்று சட்டென்று சொல்லிவிட்டேன்.

தேவி என் முகத்தையே பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை, பாவம், தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். "அவரு நல்லவராத்தான் இருப்பாரும்மா. ஆனா நீ வளத்த புள்ளையாச்சே."

அதற்குப் பதில் நீதான் சொல்ல வேண்டும். வருகிற ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிக்கு அவர்கள் இங்கே வந்து உட்காருவார்கள், நீ போன் பண்ணு. என்ன சொல்வது என்று என்னைக் கேட்காதே, தேவியிடம் பேசு.